பறவையளைக் கலைச்சு எடுத்த படங்களை இனிமேல் போடாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் உங்கட ஞாயிறு பேப்பரில முழுப்பக்கத்துக்கு ஒரு கலர் படம் வந்தது. கடல்நீரேரி ஒண்டில நூற்றுக்கணக்கில பூநாரையள் ஒரேயடியா எழும்பிப் பறக்கிற படம். வன்னி வானத்தின்ர அழகு எண்ட மாதிரிக் கீழ ஒரு வரியும் போட்டிருந்தியள். பாக்க வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா பறவையோட பழகின ஆர் பாத்தாலும் அந்தப் படத்தில ஒரு விசயம் உடன பிடிபடும், எல்லாப் பறவையும் கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே பக்கத்துக்கு, ஒண்டையொண்டு முட்டி மோதிக்கொண்டு போகுது. அது தானா எழும்பின கூட்டம் இல்லை ஐயா, கலைச்ச கூட்டம். ட்ரோன் விட்டோ, வள்ளத்தில நேர போயோ, கரையில நிண்டு கூக்காட்டியோ, ஏதோ ஒண்டு செய்துதான் எழுப்பியிருக்கினம். எடுத்தவரைக் குறை சொல்ல நான் இதை எழுதேல்ல, அவர் மட்டும் இல்லை, கனபேர் அப்பிடித்தான் எடுக்கினம், அப்பிடி எடுத்தாத்தான் பேப்பரில வரும் எண்டு நினைக்கினம். அதனாலதான் உங்களிட்டக் கேக்கிறன். இப்பிடியான படங்களைப் போடுறதை நிப்பாட்டுங்கோ, மறைஞ்சிருந்து எடுக்கிற படங்களுக்கு அந்த இடத்தைக் குடுங்கோ. ஏன் எண்டு விளக்கமாச் சொல்லுறன், கடிதம் நீண்டு போனா பொறுத்துக்கொள்ளுங்கோ.

பூநாரை மாதிரிக் கால் நீண்ட பெரிய பறவை நிண்ட நிலையில சும்மா எழும்பாது, தண்ணிக்குள்ளயே கொஞ்சத்தூரம் ஓடி, செட்டையை அடிச்சு அடிச்சுத்தான் மேல போகும். அதுக்கு எவ்வளவு சத்து வேணும் எண்டு யோசியுங்கோ. அதுகள் இஞ்ச வாறதே சாப்பிடத்தான். தலையைக் கவிட்டு வைச்சுக்கொண்டு சொண்டால சேத்துத் தண்ணியை வடிச்சு வடிச்சு, கூனி, புழு, பாசி எண்டு சின்னச்சின்னதா எடுக்கிற சாப்பாடு, மணித்தியாலக்கணக்கா மேஞ்சாத்தான் வயிறு நிரம்பும். பந்தியில இருந்த மனிசனை இலையில கை வைக்க முன்னம் எழுப்பிக் கலைச்சுப்போட்டு, திரும்பி வந்து இருந்தோடன பேந்தும் கலைச்சா எப்பிடி, அதைத்தான் நாங்கள் செய்யிறம். ஒருக்காக் கலைச்சா என்ன வந்திடப்போகுது எண்டு கேப்பினம். ஒரு படம் பேப்பரில வந்தா அடுத்த சனி ஞாயிறு வான் பிடிச்சுக்கொண்டு அதே இடத்துக்கு எத்தினை பேர் வருகினம் எண்டு கரையில இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

ஊசிவால் தாரா, கறுப்புவால் மூக்கன் எல்லாம் மத்திய ஆசியா, சைபீரியாப் பக்கத்தால இறங்கி வாறதுகள். மன்னாரில ஜிபிஎஸ் பூட்டி விட்ட கடற்காகம் ரஷ்யாவின்ர வடக்குக் கரையில இருக்கிற யமால் தீபகற்பம் வரைக்கும் போயிட்டுப் பேந்தும் மன்னாருக்கே வந்து சேர்ந்திருக்கு. பங்குனி சித்திரையில அந்தத் தூரம் திரும்பிப் போக வேணுமெண்டா உடம்பில கொழுப்பு வைச்சிருக்க வேணும், அதை இஞ்ச எங்கட குளத்திலயும் களப்பிலயும் வயலிலயும்தான் சேர்க்குதுகள். நாங்கள் கலைக்கிற ஒவ்வொரு தரமும் அந்தச் சேமிப்பில இருந்துதான் குறையுது.

சட்டம் இல்லையோ எண்டா இருக்கு. கொக்கிளாய் 1951 இல சரணாலயம் ஆக்கினது. சுண்டிக்குளம் 1938 இலயே சரணாலயம், 2015 இல தேசியப் பூங்கா ஆச்சுது. வங்காலை 2008 இல சரணாலயம், 2010 இல ராம்சர் ஈரநிலம், உலகப் பட்டியலில இருக்கிற இடம். போர்டு எல்லா இடமும் நிக்குது. ஆனா போர்டு பறவையைக் காக்காது, கமரா கொண்டு வாற ஆளுக்குள்ள ஒரு மரியாதை வரவேணும், அதைக் கொண்டு வாறதில பேப்பருக்குப் பெரிய பங்கு இருக்கு எண்டுதான் நான் நம்புறன்.

சரி, படத்தின்ர கதைக்கு வாறன். கலைச்சு எடுத்தா கிடைக்கிறது ஒரேயொரு செயல், ஓட்டம். அதைத்தவிர அந்தப் படத்தில ஒண்டும் இல்லை. மறைஞ்சிருந்தா என்னென்ன காணலாம் தெரியுமோ. நத்தைகொத்தி நாரை சேத்துக்குள்ள சொண்டை விட்டுத் துழாவி நத்தையை எடுத்து, கோதுக்குள்ள இருந்து சதையை மட்டும் பிரிச்சு எடுக்கும். சின்ன வெள்ளைக்கொக்கு தன்ர மஞ்சள் பாதத்தை ஆட்டி ஆட்டித் தண்ணியைக் கலக்கி மீனைக் கிளப்பும். மஞ்சள்மூக்கு நாரை சொண்டை அரைவாசி திறந்தபடி தண்ணிக்குள்ள வைச்சு அங்கால இஞ்சால வீசிக்கொண்டே நடக்கும், மீன் வந்து முட்டினோடன பூட்டிப்போடும். நீர்க்காகம் மீனை மேல எறிஞ்சு தலைப்பக்கமாப் பிடிச்சு விழுங்கும். குளிப்பு, சண்டை, சோடி சேர முன்னம் காட்டுற ஆட்டம், குஞ்சுக்குத் தீன் குடுக்கிறது, இதெல்லாம் தன்னை ஒருத்தரும் பாக்கேல்ல எண்டு நினைக்கிற பறவைதான் செய்யும். பயந்த பறவை இதில ஒண்டையும் செய்யாது.

எங்கட குளத்து அலைகரையில தாமரைக்குள்ள ஓலைக்கொட்டில் போட்டு இருந்து பாத்ததில ஒண்டைச் சொல்லவேணும். நீளவால் இலைக்கோழி, அது தாமரை இலைக்கு மேலால நடக்கிற பறவை, விரல் எல்லாம் நல்ல நீளம், இலை அமிழாது. அதில பெட்டை முட்டையை இட்டிட்டு வேற சோடி தேடிப் போயிடும், சேவல்தான் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கிறது. ஒரு சேவல் எனக்கு முன்னால, ஒரு கதிரையை எட்டிப் பிடிக்கிற தூரம் எண்டு சொல்லலாம், குஞ்சுகளோட வந்து நிண்டுது. மேல செம்பருந்து ஒண்டு சுத்தினதைக் கண்டோடன ஒரு சின்னச் சத்தம் போட்டுது, குஞ்சுகள் நிண்ட நிலையில அப்பிடியே இலையோட இலையா அமந்து போச்சுதுகள், ஒரு குஞ்சு கண்ணை மட்டும் மேல வைச்சுக்கொண்டு உடம்பைத் தண்ணிக்குள்ள இறக்கினது. பருந்து அங்கால போற வரைக்கும் சேவல் கழுத்தைத் தூக்கினபடி, அசையேல்ல. எனக்கு அந்த நேரம் மூச்சு விடவும் பயமா இருந்தது. ட்ரோன் வைச்சிருக்கிற ஒருத்தருக்கும் அந்தப் படம் கிடைக்காது, ட்ரோன் சத்தம் கேட்டாலே அந்தச் சேவல் குஞ்சுகளை விட்டிட்டு எழும்பியிருக்கும், பருந்துக்கு வசதியாப் போயிருக்கும்.

மறைவுக்கொட்டில் எண்டோடன பெரிய செலவு எண்டு பெடியள் நினைக்கினம், இணையத்தில விக்கிற கூடாரத்தின்ர விலையைப் பாத்திட்டு விட்டிடுகினம். எங்களுக்கு அது தேவையே இல்லை. நாலு தடி, காஞ்ச பனை ஓலை, கட்டக் கொஞ்சம் கயிறு, உள்பக்கத்துக்கு உரப்பையோ பழைய கறுத்தத் துணியோ, காணும். உள்ளுக்க இருட்டா இருக்கவேணும், பின்பக்கத்தால வெளிச்சம் வந்தா உங்கட நிழல் அசையிறது வெளியில தெரியும். லென்ஸ் நீட்ட ஒரு ஓட்டை, பாக்க ஒரு நீக்கல், அவ்வளவுதான். இராணுவ உடுப்பு மாதிரிப் புள்ளித்துணி மட்டும் வாங்கிப்போடாதேங்கோ, எங்கட நாட்டில அது வீண் பிரச்சினை, பறவைக்கும் அது தேவையில்லை. வயலுக்குள்ள காவல் கொட்டில் காலாகாலமா நிக்குது, அதில கொக்கு வந்து குந்துது, ஓலைக்குப் பறவை பயப்பிடாது. பயப்பிடுறது மனிச உருவத்துக்கும் சடாரெண்ட அசைவுக்கும்தான்.

கொட்டிலை ஒரே நாளில தண்ணிக்கரையில கொண்டுபோய் வைக்கக் கூடாது. முதல்ல தூரத்தில, பறவை பழகப் பழகக் கிட்டக் கிட்ட. ரெண்டு பேர் சேந்து உள்ளுக்க போய், ஒரு ஆள் மட்டும் வெளியில வந்து எல்லாம் காண நடந்து போனா, ஆக்கள் போயிட்டினம் எண்டு நினைச்சுப் பறவை திரும்பி வரும், இது மறைஞ்சிருந்து படம் எடுக்கிறவை எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய வழி. இருட்டோட உள்ளுக்க போறது இன்னும் நல்லது. ஆக்காட்டிக் குருவி கண்டுதெண்டா அண்டைக்கு எல்லாம் முடிஞ்சுது, அது கத்திக்கத்தி முழுக்குளத்துக்கும் சொல்லிப்போடும்.

இனி காத்து. இதைத்தான் கனபேர் கவனிக்கிறேல்ல. பறவை எழும்புறதும் இறங்கிறதும் காத்தை எதிர்த்து, அப்ப காத்து உங்கட முதுகுப் பக்கத்தால அடிச்சா பறவையின்ர முகம் உங்களைப் பாத்து வரும். எங்கட வன்னிக்கு இதில ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு. வெளிநாட்டுப் பறவை வந்து நிக்கிற மாரிகாலத்தில வாடைக்காத்து வடகிழக்கால அடிக்குது, காலமச் சூரியனும் கிழக்கால, அப்ப குளத்தின்ர கிழக்குக் கரையில மேற்கைப் பாத்துக் கொட்டிலைப் போட்டா வெயிலும் முதுகுக்குப் பின்னால, காத்தும் முதுகுக்குப் பின்னால. வைகாசிக்குப் பிறகு சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, தொடங்க இது அப்பிடியே மாறும், மேற்குக் கரையில கிழக்கைப் பாத்து, பின்னேரத்தில இருக்கவேணும். கட்டுக்கரைக் குளம், வவுனிக்குளம், இரணைமடு, முத்தையன்கட்டு எண்டு எந்தக் குளத்துக்கும் இது பொருந்தும். உயரம், ஏலுமானவரை தண்ணி மட்டத்துக்குக் கமராவை இறக்குங்கோ. கட்டில நிண்டு கீழ பாத்து எடுத்தா பறவைக்குப் பின்னால சேறும் தண்ணியும்தான், கீழ இருந்து எடுத்தா தூரத்து மருதமரம் எல்லாம் பச்சையாக் கரைஞ்சுபோய் பறவை மட்டும் தனிய நிக்கும்.

கமரா விசயம் கனக்கச் சொல்லத் தேவையில்லை, ஆனா பெடியள் கேக்கிறவை எண்டபடியா ஒண்டு ரெண்டு. பறக்கிற பறவைக்கு ஷட்டர் ஸ்பீட் 1/2000 க்குக் கீழ விடாதேங்கோ, மீன்கொத்தி தண்ணிக்குள்ள பாயிறதுக்கு 1/3200 அல்லது அதுக்கும் மேல. விடியக்காலம வெளிச்சம் காணாட்டி ஐஎஸ்ஓவை, கமரா வெளிச்சத்தை உணர்ற அளவை, கூட்டுங்கோ, கொஞ்சம் குறுணி விழுந்தாப் பரவாயில்லை, கலங்கின படத்தை ஒண்டும் செய்யேலாது. இப்ப வாற சில மிரர்லெஸ் கமராவில பட்டனை அரைவாசி அமத்தி வைச்சிருந்தா, முழுசா அமத்த முன்னம் நடந்ததையும் சேத்துப் பதியும், சத்தமும் இல்லை, அது மறைவுக்கொட்டிலுக்கு எண்டே செய்த மாதிரி. ஆனா அது இல்லையெண்டு கவலைப்படாதேங்கோ. பெரிய பறவை எழும்ப முன்னம் அனேகமா எச்சம் போடும், முன்பக்கம் சரியும், கழுத்தை நீட்டும், அதைப் பாத்துப் பழகினா கை தானா அமத்தும். ஐந்நூறு அறுநூறு மில்லிமீற்றர் லென்ஸ் வாங்க வன்னியில ஆரிட்டக் காசு இருக்கு? கொட்டிலுக்குள்ள இருந்தா பறவை உங்களிட்ட வருது, செக்கண்ட்ஹான்ட் கமராவும் 70-300 லென்ஸும் காணும். இதை நான் திருப்பித்திருப்பிச் சொல்லுவன், பெரிய லென்ஸ் இல்லாத பெடிச்சி பெடியனுக்குத்தான் ஓலைக்கொட்டில் கனக்க உதவும்.

இங்கிலாந்தில 1890களில கியர்ட்டன் எண்டு ரெண்டு சகோதரங்கள், ரிச்சர்ட், செரி, பறவையளை இயற்கையா எடுக்கவேணும் எண்டு பாடுபட்டவை. பேந்து ஒரு மாட்டின்ர தோலை எடுத்து உள்ளுக்க கோறையாச் செய்து, அதுக்குள்ள ஆளும் கமராவும் புகுந்து இருந்து எடுத்தவையாம். எங்கட அலைகரையில எருமை மேயிறதைப் பாத்தா அவை ஏன் அப்பிடிச் செய்தவை எண்டு உடன விளங்கும், எருமையின்ர முதுகில கொக்கு ஏறி நிக்குது, காலுக்குள்ள உண்ணிக்கொக்கு பூச்சி பிடிக்குது, ஒரு பயமும் இல்லை. காலபோகத்துக்கு உழவு மெசின் இறங்கினோடன பின்னாலயே வெள்ளையா வரிசை கட்டுதுகள். வாகனமும் அப்பிடித்தான். மன்னார் றோட்டால வங்காலைப் பக்கம் போகேக்க வானுக்குள்ள இருந்து கண்ணாடியை மெல்ல இறக்கி எடுத்தா பறவை அனேகமா நிக்கும், கதவைத் திறந்து ஒரு காலை வெளியில வைச்சியளோ எல்லாம் போச்சு. ஓட்டோவும் நல்ல மறைவு, பக்கத்தில ஒரு படங்கைத் தொங்க விட்டாச் சரி.

மீன்கொத்திப் படத்துக்கு இப்ப ஒரு பழக்கம் வருது, பேசினுக்குள்ள உயிர்மீனை விட்டு, மேல ஒரு கொப்பை நட்டு, வந்து விழ விழ எடுக்கிறது. எனக்கு அது பிடிக்கேல்ல. துருசால தண்ணி விடுற வாய்க்கால் பக்கம் ஒரு காஞ்ச தடியை நடுறது வேற, அது பறவைக்கு இருக்கை, வேணுமெண்டா வந்து இருக்கும். மீனை அடைச்சுவைச்சு ஏமாத்துறது வேற. தடியில வந்து இருக்கிற மீன்கொத்தியை எப்பன் உத்துப் பாருங்கோ, மீனைத் தடியில அடிச்சுச் சாக்காட்டினாப் பிறகு சொண்டுக்குள்ள திருப்பும். மீனின்ர தலை உள்பக்கம் எண்டா தான் விழுங்கப்போகுது. தலை வெளிப்பக்கம் எண்டா சோடிக்கோ குஞ்சுக்கோ கொண்டு போகுது, கிட்டக் கரைமண்ணில பொந்து இருக்கு எண்டு அர்த்தம். அப்பிடிக் கண்டா அந்த இடத்தை விட்டு எழும்பி வரவேணும், எவ்வளவு நல்ல வெளிச்சம் எண்டாலும்.

கூட்டுப் படத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். நல்லாத் தெரியவேணும் எண்டு கூட்டுக்கு முன்னால நிக்கிற கொப்பு குழையை வெட்டுகினம். வெட்டினா வெயில் நேர அடிக்கும், காகம் காணும், உடும்பு காணும், படம் எடுத்தவர் வீட்ட போய்ச் சேர முன்னம் குஞ்சு இருக்காது. தயவுசெய்து கூட்டுப் படம் ஒண்டும் போடாதேங்கோ ஐயா, போட்டாலும் இடத்தின்ர பேரைப் போடாதேங்கோ.

எங்கட மண்ணில மறைஞ்சிருக்கப் போற ஆளுக்கு வேற ஆபத்தும் இருக்கு, வெளியூரில இருந்து வாறவைக்கு இது தெரியாது. கண்ணிவெடிப் போர்டு, சிவப்புத் தடி நிக்கிற பக்கம் கிட்டவும் போகாதேங்கோ, துப்புரவு செய்த இடம் எண்டு ஊராக்கள் உறுதியாச் சொல்லாத நிலத்தில கொட்டிலுக்கு எண்டு கிடங்கு கிண்டவே வேண்டாம், தடியை நடவும் வேண்டாம். வெளிநாட்டில தண்ணிக்குள்ள மிதக்கிற மறைவு வைச்சுக்கொண்டு நெஞ்சளவு தண்ணியில நிண்டு எடுக்கிற வீடியோவைப் பாத்திட்டு எங்கட குளத்தில இறங்கிப்போடாதேங்கோ, முதலை இருக்கு. விடியப்புறம் ஆனை தண்ணி குடிச்சிட்டுத் திரும்புற பாதை எது, பண்டிக்குக் கட்டுத்துவக்கு, தட்டுப்பட்டாத் தானா வெடிக்கிற துவக்கு, கட்டுற பத்தை எது எண்டு மாடு மேய்க்கிற ஐயாமாரையும் குளத்தில வலை போடுறவையையும் கேட்டுப் போட்டுத்தான் இடம் தெரிவு செய்ய வேணும். சரணாலயம், பூங்கா எண்டா வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில அனுமதி, மற்ற இடம் எண்டா கிராம சேவையாளருக்கு ஒரு சொல்லு. பெரிய லென்ஸோட பத்தைக்குள்ள ஒளிச்சிருக்கிற ஆளைக் கண்டா இஞ்ச ஆரும் சந்தேகப்படுவினம், நாங்கள் கண்ட காலம் அப்பிடி. முன்னமே சொல்லி வைச்சா அந்த ஊராக்களே எந்தப் பக்கம் எது இறங்குது எண்டு கொண்டு வந்து சொல்லுவினம், எனக்கு அப்பிடித்தான் கனக்கத் தெரிய வந்தது.

இப்ப உங்களிட்ட என்ன எதிர்பாக்கிறன் எண்டதைச் சொல்லுறன். பறவைப் படம் அனுப்புற ஆளிட்ட அதை எப்பிடி எடுத்தது எண்டு கேட்டு, அதைப் படத்துக்குக் கீழ ஒரு வரியாப் போடுங்கோ, மறைவில இருந்து எடுத்தது, வாகனத்துக்குள்ள இருந்து எடுத்தது எண்டு. ட்ரோனாலயோ கலைச்சோ எடுத்தது எண்டு தெரிஞ்சா எவ்வளவு வடிவான படம் எண்டாலும் திருப்பி அனுப்புங்கோ. அதோட உங்கட மாணவர் பக்கத்தில ஓலைக்கொட்டில் எப்பிடிப் போடுறது எண்டு ஒரு கட்டுரை போட்டா கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பள்ளிக்கூடங்களில இருக்கிற சூழல் கழகப் பிள்ளையள் அதைப் பாத்துச் செய்வினம். வேணுமெண்டா நான் படம் கீறி அளவோட எழுதித் தாறன். ஓலை எங்களிட்டத் தாராளமா இருக்கு, குளமும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலயே இருக்கு, ஆரும் சொல்லிக்குடுக்கிறதுதான் குறை.

சித்திரை வரைக்கும் இந்தப் பறவையள் இஞ்சதான் நிக்கும். அதுக்கு முன்னம் வாற ஞாயிறுகளில ஒண்டிலயாவது இந்தக் கடிதத்தைப் போட்டியள் எண்டா, இந்த வருசமே கொஞ்சப் பேர் கரையில கூக்காட்டுறதை நிப்பாட்டுவினம்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கட பேப்பரின்ர நெடுநாள் வாசகன்,
வவுனிக்குளம்.